தண்ணிக்கு மேலே கொஞ்ச நேரம்

அந்த "உம்" இருக்கிறதே, அதுதான் நாச்சிமுத்துவின் காதுக்குள் போய்க் குடியேறிவிட்டது, வாடகையும் கொடுப்பதில்லை, காலி செய்யச் சொன்னாலும் கேட்பதில்லை. குழி பர்னஸின் முகப்பில் சிவப்பு எழுத்து ஆயிரத்து எழுபது டிகிரி என்று அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. குழிக்குள்ளே, கடல்தண்ணீர் இழுக்கிற பம்புகளுக்கான கனத்த வெளிக்கூடுகள், கேசிங்குகள், கூடையோடு வெந்துகொண்டிருந்தன. மூடிச் சங்கிலிக்குப் பக்கத்தில், கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்து மருதாசலம் கடலையை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான். தோலெல்லாம் பர்னஸ் காற்றில் ஏறி, கூரை வரைக்கும் போய், திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிடும் போலிருந்தது. சோக்கிங் நேரம் என்பது இப்படித்தான். இரும்பு தன் நடுவயிறு வரைக்கும் ஒரே சூடாகிற வரையில் மனிதனுக்கு வேலையில்லை. சும்மா உட்காருவதற்குத்தான் நமக்குச் சம்பளம் என்று மருதாசலம் சொல்வான். சும்மா உட்காரத் தெரிந்தவனுக்கு அது சம்பளம், தெரியாதவனுக்குத் தண்டனை. நாச்சிமுத்து உட்கார்ந்தால் போதும், காதுக்குள் இருப்பது எழுந்து நடமாட ஆரம்பித்துவிடும். "உம்." அவ்வளவுதான். அவன் பெண்டாட்டி வசந்தாமணி சொன்னது. அவனிடம் சொன்னதில்லை. அதோ, தண்ணீர்த்தொட்டிக்கு அந்தப் பக்கம், பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த டெஸ்டிங் ரூமில், அங்கே அவளோடு வேலை செய்கிற சம்பத்திடம் சொன்னது. வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வந்திருந்தாள், கொடுக்கப் போனான், போன இடத்தில் வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே பனிப்பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை பாத்திரத்தைத் தாண்டி மேஜையில் வழிந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் அளவு இரும்புத் துண்டு, நடுவில் ஒரு வெட்டு, அந்தக் குளிரில் ஊறிக்கொண்டு கிடந்தது. அதை இடுக்கியால் எடுத்து மெஷினில் வைக்க வேண்டும், சுத்தியல் ஊஞ்சல் மாதிரி வந்து அடிக்க வேண்டும், எல்லாம் ஐந்து எண்ணுவதற்குள். ஆறு எண்ணினால் துண்டு சூடேறிவிடும், இரும்பு எவ்வளவு அடி தாங்குகிறது என்று மெஷின் காட்டுகிற நம்பர் செல்லாது. வசந்தாமணி எடுத்தாள், வைத்தாள், ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள், "உம்" என்றாள். சம்பத் சுத்தியலை விட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. பார்க்கிறவர்களைப் பார்க்காதே என்று சொல்லலாம். பார்க்காமலே இருக்கிறவர்களை என்ன சொல்வது?

வீட்டிலும் அவள் "உம்" சொல்லாமலில்லை. அதை எண்ணிப் பார்க்காத நாளில்லை. இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்றால் உம். கல்யாணத்துக்குப் போகலாமா என்றால் உம். பெரியவளின் மாமியார் போன் செய்தாளா என்றால் உம். அதெல்லாம் ரேஷன் கடையில் அட்டையின் மேல் குத்துகிற முத்திரை மாதிரி, குத்துகிறவன் அட்டையைப் பார்ப்பதுமில்லை, ஆளைப் பார்ப்பதுமில்லை. ரூமுக்குள் கேட்டது வேறு ஜாதி. பாதி மூச்சு, பாதி சத்தம். சொன்னால் அந்தக் கணமே நடந்துவிடும் என்று தெரிந்தவள் சொல்கிற உம். கல்யாணமாகிப் பேரன் எடுத்த இத்தனை காலத்தில் தனக்கு அந்த உம் ஒன்றாவது கிடைத்திருக்கிறதா என்று அவன் பின்னோக்கித் துழாவிப் பார்த்தான். இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வரவழைத்துப் பார்க்கலாம் என்று மிக்ஸியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் இந்த ஒயரைப் பிடிச்சுக்கறேன், நீ சரின்னு தோணும்போது உம்னு சொல்லு, நான் அழுத்தறேன், என்றான். "அதுக்கு எதுக்குங்க உம்மு? நானே போட்டுட்டுப் போறேன்," என்று அவளே ஸ்விட்சைப் போட்டாள். மூடி போடாத ஜாரிலிருந்து தேங்காய்ச் சட்னி எழும்பிச் சீலிங்கில் போய் ஒட்டிக்கொண்டது. துடைத்தும் போகவில்லை. இன்றைக்கும் மல்லாந்து படுத்தால் அது தெரிகிறது, அச்சு அசலாகச் சம்பத்தின் மீசை மாதிரி, இடது நுனி கொஞ்சம் தூக்கலாக. தன் வீட்டுச் சீலிங்கில், தன் கட்டிலுக்கு நேர் மேலே. கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அது மீசைதான்.

சம்பத் கெட்டவனில்லை என்பதுதான் பெரிய இடைஞ்சல். பீடி இல்லை, பாக்கு இல்லை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு, அவ்வளவுதான் அவன்மேல் சொல்ல முடிகிற குற்றம். அவனுக்கு வயது நாற்பதுக்குள் இருக்கும், பெண் பார்த்துக் கொண்டேயிருக்கிறார்கள், அமையவில்லையாம். ஏன் அமையவில்லை? யாரோடு ஒப்பிட்டு அமையவில்லை? கண்ணில் பட்டால் "நல்லாருக்கீங்களாண்ணா" என்று குனிந்து கேட்பான். நான் அண்ணன் என்றால், அண்ணன் பெண்டாட்டியை இந்தப் பக்கத்தில் நங்கை என்றுதானே கூப்பிடுவார்கள்? ஒருநாளாவது நங்கை என்றானா? ஒரு அக்கா? ஆபீஸ் பெருக்க வருகிற ராஜாமணியை அக்கா என்கிறான், கேன்டீன் அம்மாவை அக்கா என்கிறான், அவளுக்கு அவன் வயதுதான் இருக்கும். வசந்தாமணியை மட்டும் "ஏனுங்க". ஏனுங்க, துண்டு வெச்சாச்சுங்களா. ஏனுங்க, டீ ஆறுதுங்க. ஏனுங்க என்றால் யார் யாரைக் கூப்பிடுகிற வார்த்தை? ஊரே ஊரைக் கூப்பிடுகிற வார்த்தைதான், பஸ் கண்டக்டர்கூட ஏனுங்க என்கிறான், அது நாச்சிமுத்துவுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? கண்டக்டர் டீ ஆறுகிறது என்று சொல்வதில்லையே.

"என்னப்பா நாச்சி, மொகம் பர்னஸவிடச் செவந்து கெடக்குது," என்றான் மருதாசலம், ஒரு கை கடலையை நீட்டி.

"சூடு."

"இத்தன வருசம் இல்லாத சூடு இன்னைக்கென்ன?"

"திங்கறதத் தின்னு."

மருதாசலம் கண்ணாடி ஜன்னலையும் பார்த்தான், இவனையும் பார்த்தான், பிறகு கடலைக்குள் குனிந்துகொண்டான். அந்தக் குனிவு நாச்சிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. இவனுக்கு ஏதாவது தெரியுமோ? தெரிய அங்கே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைத் தெரிந்துகொண்டு ஒருவன் ஏன் குனிகிறான்? போன வாரம் நடந்ததை யோசித்தால் இன்னும் எரிகிறது. போன வாரத்து லோடு நன்றாக வெந்து, தொட்டித் தண்ணீரில் நன்றாக முங்கி, டெஸ்டில் முதல் மூன்று துண்டிலேயே பாஸாகிவிட்டது. எல்லோரும் கையைக் கொடுத்தார்கள். அரைமணியில் ரூமில் வேலை முடிந்தது, மிச்ச நேரமெல்லாம் அவளும் அவனும் ஆளுக்கொரு கிளாஸ் டீயோடு ஜன்னலுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். தான் சரியாக வேலை செய்ததால் வந்த டீ. சரி, வேலை கெட்டுப்போனால்? துண்டு கம்மியாகக் காட்டினால் மறுபடியும் வெட்டுவார்கள், மறுபடியும் பனியில் போடுவார்கள், மறுபடியும் எடுப்பாள், வைப்பாள், மறுபடியும் உம், அதற்கு மேலும் சந்தேகம் என்றால் இன்னும் ஒரு கைப்பிடி உம். நல்லா வெந்தால் டீ, கெட்டுப்போனால் உம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு புருசன் எப்படித்தான் இரும்பை வேகவைப்பது? உலகத்தில் எந்த இஞ்சினியராவது இதற்கு ஒரு சூட்டுக் கணக்கு போட்டு வைத்திருக்கிறானா?

கொஞ்ச நாளாக அவன் வேறொரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். வெளியே சொல்லக்கூடியதில்லை. அந்தச் சுத்தியல் தன் இரும்பை உடைக்கக் கூடாது. நல்ல பதத்தில் முங்கிய இரும்புத் துண்டு பிஸ்கட் மாதிரி இரண்டாகப் போகாது, வளையும், நாரோடு தொங்கும், சுத்தியலை இழுத்துப் பிடிக்கும். இன்னும் பதமாக இருந்தால்? சுத்தியல் வந்து மோதி, அங்கேயே நின்றுவிடும். சம்பத் கைப்பிடியை வைத்துக்கொண்டு விழிப்பான். நாச்சிமுத்து அதை மனசில் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. முதலில் சுத்தியல் நின்றது. அடுத்த தடவை நின்ற சுத்தியலில் விரிசல் விட்டது. அதற்கடுத்த தடவை சுத்தியல் கழன்று, மெஷினோடு போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு கதவுவழியாக வெளியே போய், கேட்டில் வாட்ச்மேனின் சல்யூட்டை வாங்கிக்கொண்டு, அவினாசி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே கோயம்புத்தூரைப் பார்க்க ஓடியது. பின்னாலேயே சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சம்பத். வசந்தாமணி மட்டும் ரூமில், உடையாத துண்டை இடுக்கியில் தூக்கிப் பிடித்து, யாருடைய இரும்பு இது என்று கேட்டுக்கொண்டு. பொறாமையில் வயிறெரிந்த ஒருத்தன் அந்தப் பட்டறையில் யாரும் பார்க்காத அக்கறையோடு வேலை செய்துகொண்டிருந்தான். சூடு ஒரு டிகிரி நகர விடவில்லை. தொட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தான், குளிக்கப் போகிற குழந்தைக்குத் தாய் பார்க்கிற மாதிரி.

இந்த இரும்பே ஒரு மாதிரியானதுதான். டூப்ளெக்ஸ். வசந்தாமணி டெஸ்டிங் ரூமுக்கு வந்த புதிதில், அதுவரைக்கும் மண் அச்சு இடித்துக்கொண்டிருந்தவள், மைக்ராஸ்கோப் பார்க்கப் பழகிய முதல் மாசத்தில், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "வந்து பாருங்க மாமா, நீங்க வேகவெக்கறது உள்ளார எப்புடி இருக்குதுன்னு." ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பசுமாட்டுத் தோல் மாதிரி, வெள்ளையும் கருநீலமும் திட்டுத் திட்டாக, அது பாதி இது பாதி. வெள்ளை இழுவைக்கு, நீலம் பலத்துக்கு, ரெண்டும் சமமா இருந்தாத்தான் கடல்தண்ணிக்குக்கூட அசையாது, என்று அவள் ஒப்பித்தாள். மூச்சு அவன் காதோரத்தில் பட்டது. அப்போது சம்பத் இந்தக் கம்பெனியில் இல்லை. பிறகு இன்னொரு தட்டைப் போட்டுக் காட்டினாள். பாசிப்பயறு சிந்தின மாதிரி சின்னச் சின்னதாக ஏதோ, சரியாக வெள்ளையும் நீலமும் ஒட்டுகிற வரப்பிலேயே முளைத்திருந்தது. "இதாங்க சிக்மா. சூட்டுல இருந்து சட்டுனு தண்ணிக்குப் போகாம நடுவுல நின்னா வந்துரும். மேல பாத்தாத் தெரியாது. பளபளன்னு இருக்கும். தட்டுனா ஒடஞ்சுரும்." யாரைப் பார்த்தாலும் அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவனுக்குச் சிக்மா ஞாபகம்தான். சம்பத் வேலைக்குச் சேர்ந்த பிறகு சந்தேகமே இல்லாமல் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் வந்து முளைத்தவன் அவன்தான். ஆனால் அவள் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள், அதுதான் முள் மாதிரி அவ்வப்போது குத்துகிறது. அது எங்கிருந்து வருது, யார் கொண்டாந்து போடறது, என்று இவன் கேட்டதற்கு, "யாரும் போடறதில்லைங்க மாமா. அதோட சரக்குலயேதான் ஆவுது. வெளியில இருந்து ஒண்ணும் வரல," என்றாள். எதற்கு அப்படிச் சொன்னாள்? இரும்பைத்தான் சொன்னாள். அப்போது சம்பத் இல்லவே இல்லையே. இரும்பைத்தான்.

மணி அடித்தது. மருதாசலம் கடலைக் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுச் சங்கிலியை இழுத்தான். மூடி உருண்டு விலகியதும் குழிக்குள்ளிருந்து வெள்ளை வெளிச்சம் எழுந்து கூரைத் தகரத்தில் அடித்தது. முகத்துத் தோல் இழுத்துக்கொண்டது. நாச்சிமுத்து கிரேன் பொத்தான் பெட்டியைக் கையில் வாங்கினான், கொக்கி இறங்கிற்று, மாட்டிற்று, கூடை மேலே வந்தது. மஞ்சளும் வெள்ளையுமாக, கண் கூசும்படி, பார்த்தால் இரும்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள், யாரோ சூரியனை ஆறாகப் பங்கு போட்டுக் கூடையில் அடுக்கின மாதிரி இருக்கும். கூடைக்கு அடியில், தடித்த கம்பியில், டெஸ்ட் கட்டி தொங்கிக்கொண்டு வந்தது. கேசிங்கோடு சேர்த்து ஒரே உலையில் ஊற்றியது, ஒரே குழியில் வெந்தது, துண்டு துண்டாக வெட்டி உடைத்துப் பார்ப்பதற்கென்றே பிறந்தது. மற்ற பட்டறைகளில் அதைக் கூடைக்குள்ளேயே வைப்பார்களாம். இங்கே அடியில் கட்டித் தொங்கவிடுவது வழக்கம், எடுக்கச் சௌகரியம் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஆரம்பித்தது. இனி மூச்சு விடாத வேலை. குழியிலிருந்து தொட்டிக்கு நாலு தப்படி தூரம், கிரேன் ஓட வேண்டும், இறங்க வேண்டும், முங்க வேண்டும், சட்டென்று. பொத்தானை அழுத்தினான், கிரேன் ஓடியது, தொட்டிக்கு நேரே நின்றது, இறக்கத்தை அழுத்தினான், கூடை இறங்க ஆரம்பித்தது, அப்போதுதான் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். இத்தனை நாளும் இறக்குகிற நேரத்தில் கூடையை விட்டு அவன் கண்ணை எடுத்ததில்லை. ஜன்னலில் யாரும் இல்லை.

மேஜையும் தெரியவில்லை, மெஷினும் தெரியவில்லை. கண்ணாடி முழுக்கச் சாயங்கால வெயிலும், அதற்குள் ஒரு கூடை நெருப்பின் பிம்பமும்தான். அவள் உட்காருகிற இடம் எது, அவன் நிற்கிற இடம் எது, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு பேரும் இல்லை. ஒருத்தர் இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எங்கே போவார்கள்? பின்னால் கெமிக்கல் வைக்கிற அறை ஒன்று இருக்கிறது, குறுகலாக, ஒருத்தர் நுழைந்தால் இன்னொருத்தர் வெளியே வர முடியாது. பனிப்பெட்டியில் ஊற்றுகிற ஸ்பிரிட் டின் அங்கேதான் இருக்கும். ஸ்பிரிட் தீர்ந்திருக்கும். கனமான டின்தான். ஒரு ஆள் தூக்குகிற கனம்தான். ஏனுங்க, இந்தப் பக்கம் பிடிங்க. பிடிப்பாள். பிடித்துவிட்டு என்ன சொல்வாள்? அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், காதுக்குள் அதுதானே குடியிருக்கிறது. அவன் கட்டைவிரல் பொத்தானை விட்டு எப்போது எழுந்தது என்று அவனைக் கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது. கூடை நின்றுவிட்டது. தலையை இப்படிச் சாய்த்தால் கண்ணாடியில் வெயில் நகருமா என்று பார்த்தான், நகரவில்லை. அப்படிச் சாய்த்தான். ஒரு நிழல் மாதிரி ஏதோ, அசைந்ததா, அது கூரையில் உட்கார்ந்த புறாவா. வெள்ளை மஞ்சளாயிற்று. மஞ்சள் ஆரஞ்சாயிற்று. அழகாகத்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் அவள் கட்டியிருந்த சேலை இந்த நிறத்தில் ஒன்று உண்டு, அதை மருதமலைப் படியில் மிதித்துக் கிழித்தது அவன்தான், அவள் திட்டவில்லை, பிடித்துக்கொள்ள அவன் தோளைத்தான் பிடித்தாள், இப்போது டின்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆரஞ்சு செம்பருத்தியாயிற்று. செம்பருத்தியின் ஓரங்களில் கறுப்பு நுழைந்தது. கூடை தொங்கிக்கொண்டிருந்தது, அவனும் தொங்கிக்கொண்டிருந்தான்.

"ஏப்பா! கரண்டு போச்சா, உன்ற உசுரு போச்சா? எறக்குப்பா!"

மருதாசலத்தின் குரல் செவிட்டில் அறைந்தது போல வந்தது. கட்டைவிரல் தானாகவே அழுத்திற்று. தொட்டி ஒரு யானை தும்மினது போல எழுந்து விழுந்தது. ஆவி கிளம்பி ஜன்னலையும் மறைத்து, கூரையையும் மறைத்து, நாச்சிமுத்துவையும் ஒரு நிமிஷம் உலகத்திலிருந்து மறைத்தது. அந்த வெள்ளைக்குள் நின்றுகொண்டுதான் அவன் நடந்ததை மறுபடி பார்த்தான். கூடை எங்கே நின்றது? தண்ணீருக்கு ஒரு முழம் மேலே. அடியில் தொங்கிய கட்டி? அது ஏற்கெனவே தண்ணீருக்குள். ஆமாம், புஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டதே, வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. கட்டி உடனே முங்கிவிட்டது. கேசிங்குகள்தான் மேலே நின்று, நிறம் நிறமாக இறங்கி, எந்தச் சூட்டில் நிற்கவே கூடாதோ அதில் நின்று, உள்ளே பயறு சிந்திக்கொண்டிருந்தன. ஆவி விலகியது. மருதாசலம் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான், அவனுக்கும் புரிந்துவிட்டது, இந்தத் தொட்டியோரத்தில் அவனும் தலை நரைத்தவன்தான்.

"கட்டி முங்கிருச்சுல்ல?" என்றான் மெதுவாக.

"முங்கிருச்சு."

"அப்பறமென்ன? கட்டியத்தான ஒடப்பாங்க, பம்பையா ஒடைக்கப் போறாங்க? வாய மூடிட்டு எடு."

அது உண்மைதான். யாருக்கும் தெரியாது. மேலே பளபளவென்று இருக்கும். கட்டி இருக்கிறதே, அது இன்றைக்கு முங்கினமாதிரி இந்தத் தொட்டியில் எதுவுமே முங்கியதில்லை, குழியிலிருந்து வந்த வேகத்தில், அதன் மேல் வேறெந்தச் சூடும் இல்லாமல், தொட்டித் தண்ணீர் முழுக்கத் தனக்கே என்று அனுபவித்துக்கொண்டு. அந்தத் துண்டு உடையவே உடையாது. சுத்தியல் வரும், மோதும், நிற்கும். சம்பத் விழிப்பான். எத்தனை நாளாக மனசில் ஓட்டிய காட்சி, இன்றைக்கு நிஜமாகவே நடக்கும், வசந்தாமணி துண்டை இடுக்கியில் தூக்கிப் பார்த்து, மாமா இந்த மாதிரி ஒரு நம்பர நான் பாத்ததே இல்லீங்க, என்பாள். என்பாளா? என்பாள். அப்புறம் கேசிங்குகள் வண்டியேறும். எங்கேயோ ஒரு கடற்கரையில், உப்புத்தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற ஆலையில், பம்பு ஓடும். பக்கத்தில் யாராவது ஒருத்தன் நிற்பான். அவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள், சாவியை மறந்துவிட்டு வந்திருப்பாள். ஒரு நாள் கேசிங் வாய் பிளக்கும். நாச்சிமுத்து பொத்தான் பெட்டியைக் கையிலிருந்து விட்டான். அந்த ஆளை நினைத்தா, அந்த நம்பரை நினைத்தா என்று அவனுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. போய்ச் சொன்னால்? மறுபடி குழியில் போட்டு, மறுபடி ஆயிரத்து எழுபதுக்கு ஏற்றி வேகவைத்தால் பயறெல்லாம் கரைந்துவிடும், புதிதாகத் தண்ணீரில் போடலாம், இரும்புக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு. கட்டியையும் சேர்த்துத்தான் போட வேண்டும். அந்த நம்பர் போய்விடும். அது மட்டுமா? ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். சம்பத்துக்கு எதிரில் கேட்பார்கள். கேசிங்கைவிட, ஆலையைவிட, அந்த ஒரு கேள்விதான் மலை மாதிரி நின்றது.

"எங்கப்பா போற?" என்றான் மருதாசலம்.

நாச்சிமுத்து தொட்டியைச் சுற்றி நடந்தான். கதவைத் தள்ளினபோது இரண்டு பேரும் ரூமில்தான் இருந்தார்கள். வசந்தாமணி பனிப்பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். சம்பத் எவர்சில்வர் டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். ஸ்பிரிட் டின் மேஜைக்கடியில் தளும்ப நிறைந்து இருந்தது.

"கட்டிய வெட்ட வேண்டாம்," என்றான் நாச்சிமுத்து. குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "லோடு மறுபடி ஏத்தறேன்."

"ஏனுங்ணா?" சம்பத் டம்ளரை வைத்தான். "கட்டி சூப்பரா முங்குச்சுங்களே."

"கட்டி முங்குச்சு," என்றாள் வசந்தாமணி, மூடியை அழுத்திக்கொண்டே. "பம்பு அந்தரத்துல தொங்குச்சு."

அவன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "பாத்தீங்களா?"

"தெனமும் பாக்கறதுதானுங்ணா. நீங்க மூடி தெறக்கற சத்தம் கேட்டா நான்தான் இவங்களக் கூப்புடுவேன், ஏனுங்க, அண்ணன் எறக்கறாரு வாங்கன்னு. ஓடியாந்து நிப்பாங்க. இந்தப் பட்டறையில அண்ணனாட்டம் எறக்கறதுக்கு ஆளில்லைன்னு எங்கிட்டப் பெருமை வேற."

வசந்தாமணி சம்பத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவன் டம்ளரை எடுத்துக்கொண்டான். "இன்னைக்கு எதுக்கு நிறுத்துனீங்க?" என்றாள் புருசனிடம்.

கிரேன் மக்கர் என்று சொல்லலாம். கண்ணில் தூசி என்று சொல்லலாம். ஒரு பெரிய ராட்சசக் கழுகு வந்து கொக்கியில் உட்கார்ந்தது என்றுகூட வாயில் வந்தது. "ஜன்னல்ல ஆளக் காணோம்," என்றான்.

"வெயிலு அடிக்கறப்ப வெளிய இருந்து பாத்தா எப்புடித் தெரியும்? நாங்க இங்கதான நின்னோம்." சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். அவன் முகத்தையே கொஞ்சம் பார்த்தாள். கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொள்வது தெரிந்தது, சிரிப்பையோ கோபத்தையோ அவள் அங்கேதான் வைத்து மெல்வாள். "ஆளக் காணோம்னா அனாதையா தொங்கவுட்ருவீங்களா, ஊரான் பம்ப? நீங்க இப்ப வரலேன்னா நானே வந்து சொல்லியிருப்பேன். அதுக்கப்பறம் வீட்டுல உங்களுக்குச் சோறு இருந்திருக்காது. போங்க, போய் ஏத்துங்க."

கிரேனைப் பிடித்தான், தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடை வெளியே வந்தது, ஈரம் வடிகிற வரை நின்றான், குழிக்குள் இறக்கினான், கட்டியையும் அதன் அடியிலேயே தொங்கவிட்டு. வேண்டாம் என்று ஒரு யோசனை வந்து, மறுபடி தூக்கி, கட்டியை அவிழ்த்து, கூடைக்கு நடுவில் கேசிங்குகளுக்கிடையில் செருகினான். மருதாசலம் தலையிலடித்துக்கொண்டு மூடியை இழுத்தான். சிவப்பு எழுத்து அடியிலிருந்து ஏற ஆரம்பித்தது. மனசு லேசாக இருந்தது. ரொம்ப லேசாக. தெனமும் பார்க்கிறாளாம். ஓடியாந்து நிற்கிறாளாம். பெருமை வேறயாம். கன்னத்தைத் தடவிக்கொண்டான். எத்தனை லோடு இறக்கியிருப்பான், அத்தனைக்கும் அவள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்திருக்கிறாள், தெரியாமலே போயிற்றே. அவளாகத் தெரிந்து வரவில்லை, சம்பத் கூப்பிட்டு வருகிறாள், அதனாலென்ன, கூப்பிட்டால் வருகிறாளே. கூப்பிட்டால் வருகிறாள். வந்து நிற்கிறாள். நிற்கிறார்கள். நாங்க இங்கதான நின்னோம். நாங்க. அந்த ஜன்னல் ஒன்றும் கல்யாண மண்டப வாசல் இல்லை. நடுவில் ஒரு சட்டம் வேறு, கண்ணாடி இரண்டு பக்கமும் ஒரு ஆள் அகலம் வருமா? ஒரே பக்கத்தில் நின்றார்களா, ஆளுக்கொரு பக்கமா? தொட்டி முழுக்கத் தெரிய வேண்டுமென்றால் வலது பக்கம்தான் தோது. இரண்டு பேருக்குமே வலது பக்கம்தான் தோது. சிவப்பு எழுத்து ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் வெகுநேரம் ஏறும், அதுவரைக்கும் மனிதனுக்கு வேலையில்லை.

இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போனான்.

"என்னத்த அளக்கற?" என்று பின்னாலிருந்து மருதாசலம் கத்தினான்.

"கண்ணாடி மாத்தணும். வெயிலு கூசுது."

வலது பக்கச் சட்டத்தில் டேப்பின் நுனியை மாட்டி, நடுச்சட்டம் வரைக்கும் இழுத்தான். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். இரண்டு பேர் இடிக்காமலும் நிற்கலாம். இடிக்க வேண்டுமென்றால் இடித்துக்கொண்டும் நிற்கலாம். எந்த டேப்பாலும் இதற்கு மேல் சொல்ல முடியாது. வெயில் கூரைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டிருந்தது, கண்ணாடிக்குள் இப்போது நன்றாகத் தெரிந்தது. வசந்தாமணி உள்ளே வந்து நின்றாள். முதலில் டேப்பைப் பார்த்தாள், பிறகு அவனை, பிறகு டேப் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதை. அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்னத்தைக் கடித்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, அளவாக இரண்டு எட்டு நகர்ந்து, சரியாக நடுச்சட்டத்துக்கு நேரே வந்து நின்றுகொண்டாள், இந்தப் பக்கமும் பாதி, அந்தப் பக்கமும் பாதி. அவன் வாயைத் திறந்தான். விரல் தளர்ந்தது. டேப் சர்ரென்று ஓடிவந்து கட்டைவிரலை நறுக்கென்று கடித்தது. வலிக்கவில்லை என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்ததால், அந்த விரலை வாயில் வைத்துக்கொள்ளாமல், பல் தெரியச் சிரித்துக்கொண்டே நின்றான்.